கதிரைக்கு முன்னால் நிற்காத கமரா

ஸ்ரூடியோவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும், நான் ஒரு நாள் வந்து எங்களோடு கதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் வரவில்லை. நாலு பேர் ஒன்றாக என்னைப் பார்த்தால் எனக்கு வசனம் வராது. இருபத்தாறு வருடமாக மற்றவர்களை “இஞ்சை பாருங்கோ” என்று சொல்லிக்கொண்டு, என்னை ஒருவரும் பார்க்காத இடமாகத் தேடி நின்று பழகிவிட்டேன். கண்ணில் சத்திரசிகிச்சை செய்த பிறகு வெளி வேலைக்குப் போவதில்லை. வீட்டில் நேரம் இருக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன்.

கமராவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரு கலியாணத்தில் தாலி கட்டும் படத்தைத் தவறவிட்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தக் கதை ஒரு மத்தியானம் தொடங்கியது. மருதனார்மடம் சந்தைக்கு வந்த லொறிகள் கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு இடையால் ஒரு பெண் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் குடும்பம். அடுத்த மாதம் கலியாணம். கையில் ஒரு துணிப்பை இருந்தது.

“அக்கா, என்ரை அக்காவின்ரை கலியாணத்துக்கும் நீங்கள்தான் படம் எடுத்தனீங்கள். ஞாபகம் இருக்கோ?”

ஞாபகம் இல்லை. “ஓம்” என்றேன்.

அவள் பைக்குள் இருந்து ஒரு பழைய அல்பத்தை எடுத்து, தேடாமலே ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். அது நான் எடுத்த படம் இல்லை. அன்று என்னோடு வந்த இரண்டாவது கமராக்காரர் பக்கத்தில் நின்று எடுத்தது. இடது பக்கம் மணவறை, மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். வலது பக்கம் ஒரு சில்லுக் கதிரையில் ஓர் அம்மா இருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு முதுகு. அம்மா இடது பக்கம் சாய்ந்து, கழுத்தை நீட்டி, அந்த முதுகுக்கு அங்காலே பார்க்கப் பாடுபடுகிறார்.

“உது ஆர் தெரியுதோ?”

“நான்தான்.”

“பின்னாலை இருக்கிறது எங்கடை அம்மா. பாரிசவாதம் வந்தபிறகு அவவாலை எழும்பி நிக்க ஏலாது. தாலி கட்டேக்கை எல்லாரும் எழும்பினவை. அவவுக்கு நேர் முன்னாலை நீங்கள் நிண்டனீங்கள். அக்காவுக்குத் தாலி ஏறினதை அம்மா காணேல்லை.”

அவள் கோபத்தோடு சொல்லவில்லை. கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி.”

“அம்மா விடேல்லை. அந்தப் பிள்ளை தன்ரை வேலையைச் செய்யுது, பேசாமல் இருங்கோ எண்டு சொல்லிப்போட்டா.”

நான் மேசை விரிப்பின் ஓரத்தை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தேன்.

“நான்தான் கடைசி. இனி எங்கடை வீட்டிலை கலியாணம் இல்லை,” என்றாள். “அம்மாவுக்கு முன்னாலை ஒருத்தரும் நிக்கக்கூடாது. தாலி கட்டுற படமும் வேணும். மாப்பிள்ளை வீட்டிலை பாதிப்பேர் வெளிநாட்டிலை. அவை முதல் கேக்கிறதே அந்தப் படத்தைத்தான். ரண்டும் ஏலுமெண்டால் வாங்கோ. ஏலாட்டிச் சொல்லுங்கோ, நான் கோவிக்கமாட்டன்.”

“வேறை ஸ்ரூடியோவுக்குப் போகேல்லையோ?”

“அவைக்குச் சொன்னாலும் விளங்காது. உங்களுக்கு இந்தப் படத்தைக் காட்டினால் விளங்கும்.”

ஏலும் என்று சொன்னேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது. அல்பத்தை அவள் கொண்டுபோகவில்லை. கலியாணம் முடிய வாங்கிக்கொள்கிறேன் என்று மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு ரவுண் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ரிமோட் வாங்கிவந்தேன். இப்போது உங்களுக்கு அது சாதாரண சாமான். அன்றைக்கு எங்கள் கடையில் ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை. இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்றைக் கமராவின் தலையில் செருகி, ஒரு வயரைக் கமராவுக்குள் கொடுக்க வேண்டும். மற்றதைக் கையில் வைத்து அமத்த வேண்டும். கமராவை ஆட்களின் தலைக்கு மேலே ஒரு தூணில் கட்டிவிட்டால், நான் எங்கேயும் ஒதுங்கி இருக்கலாம். என்னைப் போன்ற ஆளுக்கென்றே செய்த சாமான் என்று நினைத்தேன்.

முதல் நாள் அது அசையவில்லை. எங்கள் வீடியோ அண்ணை பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்தார்.

“தங்கச்சி, உது கேற் திறக்கிற சாமான் போலக் கிடக்கு. நீ இஞ்சை அமத்த அங்கை கோண்டாவிலிலை ஆற்றையோ கேற் திறந்து மாடு வெளிக்கிட்டிருக்கும்.”

அன்று நான் விட்ட பிழைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். பற்றறிக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் துண்டை இழுத்து எடுக்கவில்லை. அதை எடுத்த பிறகு, வயரை மைக் போடும் ஓட்டைக்குள் கொடுத்திருந்தேன். அதையும் மாற்றிய பிறகு, ஒரு பெட்டி ஒன்றாம் எண்ணிலும் மற்றது மூன்றாம் எண்ணிலும் இருந்தன. இரண்டும் ஒரே எண்ணில் இருந்தால்தான் ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்கும். எல்லாம் சரிசெய்து, கடைக்கு வெளியே போய், வாழைக்குலை ஏற்றிய லொறிக்கு அங்காலே நின்று அமத்தினேன். உள்ளே பிளாஷ் வெட்டியது. ஓடிவந்து பார்த்தால், வாய் நிறைய வடையோடு வீடியோ அண்ணை படத்தில் விழுந்திருந்தார்.

“உதை அழி,” என்றார்.

அழிக்கவில்லை.

அவரையும் மணவறைக்கு முன்னால் நிற்க வேண்டாம், பக்கத்தில் நில்லுங்கள் என்று கேட்டேன். “பக்கத்திலை நிண்டால் ஐயரின்ரை தோள்மூட்டைத்தான் எடுக்கலாம். கலியாணத்துக்கோ, ஐயருக்கோ வீடியோ?” என்று துள்ளினார். நான் பழைய அல்பத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். பிறகு, “சரி, பக்கத்திலை நிக்கிறன்,” என்றார்.

அம்மாவை மண்டபத்துக்குக் கொண்டுபோய் வரக் கரைச்சல் என்று வீட்டு வளவிலேயே பந்தல் போட்டிருந்தார்கள். வாசலில் இரண்டு பக்கமும் அவர்கள் தோட்டத்துக் குலைகள், பாரத்தில் வாழைகளே சாய்ந்து நின்றன. பந்தலின் உள்ளே வெள்ளைத்துணி கட்டி, அதைக் கொஞ்சம் பதிவாகவே, கூரையில் இருந்து நன்றாகக் கீழே இறக்கி இழுத்துவிட்டிருந்தார்கள். பார்க்க வடிவாக இருந்தது. அந்தத் துணி எனக்கு என்ன செய்யப் போகிறது என்று நான் யோசிக்கவில்லை.

விடிந்த கையோடு போய், மணவறைக்கு எதிரே இருந்த தூணில் ஏணி வைத்து ஏறிக் கமராவைக் கட்டினேன். மாப்பிள்ளையின் இடத்தில் ஒரு குடத்தை வைத்துவிட்டு, அம்மாவின் கதிரை வரப்போகும் இடத்தில் இருந்து அமத்திப் பார்த்தேன். இருபது தடவையும் படம் விழுந்தது. குடத்தின் கழுத்தில் இருந்த நெளிவுகூடத் தெளிவாகத் தெரிந்தது. திருப்தியோடு இறங்கினேன். ஏணியைச் சமையல் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பெண்ணின் தாய்மாமன் மணவறையில் இருந்து கதிரை வரைக்கும் ஒரு பாதை விட்டு, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, “இதுக்குள்ளை ஒருத்தரும் நிக்கப்படாது” என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மாவைக் கொண்டுவந்து இருத்தினார்கள். நான் ஒரு பலகைக்கட்டையைப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வலது கையில் ரிமோட், மடியில் இரண்டாவது கமரா.

அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. பேச்சு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“எனக்காக ஏன் பிள்ளை இவ்வளவு கரைச்சல்? நீ நிண்டு எடு. நான் பக்கத்தாலை பாப்பன்.”

“இல்லையம்மா, நான் இதிலைதான் இருக்கப்போறன்.”

“உதென்ன கையிலை?”

“இதை அமத்த மேலை இருக்கிற கமரா படம் எடுக்கும்.”

“ஓ,” என்றார். “ரீவிக்கு அமத்துறமாதிரி.”

ஐயர் ஓமம் வளர்த்தார். நெய் விட விட, ஈரக் குச்சிகளில் இருந்து வெள்ளைப் புகை எழுந்து, வெளியே போக வழியில்லாமல், பதிவாகக் கட்டிய துணிக்குக் கீழே அப்படியே நின்றது. எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். என் கண்ணைப் பற்றித்தான் நினைத்தேன், மேலே இருந்த கமராவின் கண்ணைப் பற்றி நினைக்கவில்லை.

பெண் கூறை உடுத்து வந்து இருந்தாள். தாலித்தட்டு சபையைச் சுற்றி வந்தது. மாப்பிள்ளை எழும்பினார். ஐயர் கையை உயர்த்தக் கெட்டிமேளம் கொட்டியது. சனம் முழுக்க எழும்பியது. நான் அமத்தினேன்.

பிளாஷ் வெட்டவில்லை.

திரும்ப அமத்தினேன். இல்லை. கையைத் தலைக்கு மேலே நீட்டி அமத்தினேன். இல்லை. பக்கத்தில் நின்ற வீடியோ அண்ணை என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ என்று கையால் காட்டினார்.

மூன்று அடிதான். அந்த மூன்று அடியை அதுவரை எத்தனையோ வருடம் நடந்திருக்கிறேன். யோசிக்க முதலே கால் எழும்பிவிடும், அன்றும் எழும்பியது. நீ நிண்டு எடு என்று அம்மாவே சொல்லியிருக்கிறார் என்ற நினைப்பும் கூடவே எழும்பியது. அந்தப் படம் இல்லாவிட்டால் இந்தக் குடும்பத்துக்கு நான் என்ன சொல்லுவேன் என்ற பயம் அதற்கும் மேலே.

நான் பாதி எழும்பியபோது என் தோள் அம்மாவுக்குக் குறுக்கே வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மணவறையில் இருந்து எடுக்காமல், இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தார்.

அந்தச் சாய்வை எனக்குத் தெரியும். ஒரு மாதமாக என் மேசையில் கிடந்த சாய்வு அது.

இருந்துவிட்டேன்.

ரிமோட்டை நிலத்தில் போட்டுவிட்டு மடியில் இருந்த கமராவைத் தூக்கினேன். அதுவும் அந்தப் புகைக்குள் தடுமாறியது. லென்சைக் கையால் திருப்பி, அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில், அவருடைய கண் இருந்த உயரத்தில் இருந்து எடுத்தேன். தாலிக்கொடியின் சுரையைத் திருகிப் பூட்ட மாப்பிள்ளை கொஞ்சம் கஷ்டப்பட்டார். அவர் பட்ட கஷ்டம் எனக்கு நாலு படத்துக்கு நேரம் தந்தது. அறுகரிசி இரண்டு பக்கமும் இருந்து பறந்தது. மேளம் அடங்கியது.

சடங்கு முடிந்து மூச்சு விட முதல், வெளிநாட்டில் இருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தமையன் வந்தார்.

“தாலி கட்டினதைக் காட்டுங்கோ பாப்பம். அங்கை எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கினம்.”

கமராவில் இருந்ததைக் காட்டினேன். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தலைமயிர், ஒரு காது. தூரத்தில் புகைக்குள் இரண்டு உருவம்.

“இதே? கிட்ட எடுத்தது எங்கை?”

பந்தலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. உண்மையில் ஒரு ஏழெட்டுப் பேர்தான் பார்த்திருப்பார்கள். வயர் கழன்றது, பற்றறி போனது, யாரோ தட்டிவிட்டார்கள் என்று வாய்க்குள் பல பதில்கள் வந்தன.

“கிட்ட எடுத்தது இல்லை,” என்றேன். “மேலை கட்டின கமரா எடுக்கேல்லை. பிழை என்ரை.”

“அப்ப நீங்கள் ஏன் முன்னாலை போகேல்லை? படம் எடுக்கத்தானே உங்களைக் கூப்பிட்டது? என்ன கண்டறியாத வேலை இது!” அவர் மணவறைப் பக்கம் திரும்பினார். “சரி, தம்பி, இன்னொருக்கால் கொடியைப் பிடிச்சுக்கொண்டு நில். ரண்டு நிமிசம்.”

இது எல்லாக் கலியாணத்திலும் நடப்பதுதான். நானே செய்வித்திருக்கிறேன். ஆனால் அன்று செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

“அண்ணை, ஒருக்கால் பூட்டினதே பெரும்பாடு. திரும்பக் கழட்டச் சொன்னால் நான் மணவறையாலை இறங்கி வாழைத்தோட்டத்துக்குள்ளை ஓடிடுவன்.”

ஐயரே சிரித்துவிட்டார். தமையன் சிரிக்கவில்லை. அன்று முழுக்க என்னோடு கதைக்கவும் இல்லை. அவர் கோபித்தது நியாயம். அதை நான் உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஒரு குடும்பத்துக்கு இருந்திருக்க வேண்டிய படம் என்னால் இல்லாமல் போனது.

பெண் மட்டும் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“அம்மா கண்டவவோ, அக்கா?”

“கண்டவ.”

“சரி,” என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் கடையைத் திறந்ததும் சாம்பிராணித் தட்டில் தணல் போட்டேன். கமராவை ஸ்டாண்டில் வைத்து, அதற்கு முன்னால் புகையை எழுப்பி, ரிமோட்டை அமத்தினேன். லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடித் தேடியது. எதைப் பிடிப்பது என்று அதற்குத் தெரியவில்லை. தெரியும் வரைக்கும் படம் எடுக்கமாட்டேன் என்று நின்றது. நான் ரிமோட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். ரிமோட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. சொன்னது கமராவுக்குக் கேட்டிருக்கிறது. கமராவுக்குத்தான் கண் தெரியவில்லை.

உள்ளே வந்த வீடியோ அண்ணை இருமினார். “என்ன தங்கச்சி, ஸ்ரூடியோவுக்குக் கண்ணூறு கழிக்கிறியோ?”

“அண்ணை, உதிலை நில்லுங்கோ.” லென்சின் பக்கத்தில் இருந்த சின்ன ஆளியைத் தட்டி, அது தானாகத் தேடுவதை நிறுத்தி, அவருடைய முகத்துக்குக் கையால் சரிசெய்துவிட்டு அமத்தினேன். அத்தனை புகைக்குள்ளும் பிளாஷ் வெட்டியது.

அவ்வளவுதான். ஒரு சின்ன ஆளி. கலியாணத்தன்று காலையில் ஏணியில் நின்றபோது என் விரலுக்கு அரை அங்குலம் தள்ளி இருந்தது. இருபது தடவை பார்த்தேன் என்று பெருமையாகச் சொன்னேனே, அந்த இருபதும் வெறும் பந்தலில், குடத்துக்கு முன்னால், புகை இல்லாமல் பார்த்தது. கலியாணம் அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியாதா? ஓமப்புகைக்குள் பாதி வாழ்க்கையைக் கழித்தவள் நான். கையில் கமரா இருக்கும்போது புகை வந்தால் என் கை தானாக லென்சைத் திருப்பிவிடும், அதனால் அதை ஒரு விஷயமாக நினைத்ததே இல்லை. கமராவை என் கையில் இருந்து எடுத்துத் தூரத்தில் வைத்தேன். என் கை செய்துகொண்டிருந்த வேலையை அங்கே யார் செய்வார் என்று கேட்கவில்லை. புதுச் சாமான் எதை வாங்கினாலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். ரிமோட்டோடு நீங்கள் போகும்போது, இடத்தைக் குறித்து, கையால் போகசைச் சரிசெய்து, ஆளியைத் தட்டி, அதன் மேல் ஒரு துண்டு டேப்பும் ஒட்டுங்கள். ஏணியை முகூர்த்தம் முடியும் வரைக்கும் ஒருவருக்கும் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகு பல கலியாணங்களில் அந்த ரிமோட் எனக்கு ஒழுங்காக வேலை செய்தது. அந்தக் கதைகளில் சொல்ல ஒன்றும் இல்லை.

புது அல்பம் தயாரானதும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வானைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அம்மாவும் வந்திருந்தார். இறக்க ஏற்றக் கரைச்சல் என்பதால் நானே அல்பத்தைக் கொண்டுபோய் வான் கதவடியில் நின்று அவருடைய மடியில் வைத்தேன். சுகமான கையால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அந்தப் பக்கம் வந்தது. நாலு படத்தில் நல்லதைத் தெரிந்தெடுத்து, முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தேன். அவர் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இதிலை ஒண்டும் தெரியேல்லைப் பிள்ளை,” என்றார்.

“ஓம் அம்மா. புகை.”

“இது என்ரை காதோ?”

“ஓம்.”

அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தார். பிறகு மருமகனுக்குக் கேட்காமல் குரலைத் தணித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“சுரை பூட்டேக்கை அவருக்குக் கை நடுங்கினது. இவள் அதைக் கண்டிட்டாள். தலையை இன்னும் கொஞ்சம் குனிஞ்சு குடுத்தவள். அதுக்குப் பிறகுதான் பூட்டுப்பட்டது.”

அவர்கள் போன பிறகு வீடியோ அண்ணையிடம் சொல்லி வீடியோவில் அந்த இடத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அவர் முதலே சொன்னது போல, அந்த நேரத்தில் ஐயரின் தோள்மூட்டுத்தான் தெரிகிறது. என் நாலு படத்திலும் இல்லை. நடுங்கிய கையும் குனிந்த தலையும் வேறு எங்கேயும் இல்லை.

பழைய அல்பத்தை அன்றே அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுக்க முதல், அந்த ஒரு படத்தை மட்டும் பெண்ணிடம் கேட்டு ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். ஸ்ரூடியோவில் ரிமோட் வைக்கும் மேசை லாச்சிக்குள், பெட்டிக்குக் கீழே கிடக்கிறது. யாருடையது என்று நீங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதாக வீடியோ அண்ணை சொன்னார். சாம்பல் நிறச் சட்டை போட்ட முதுகு என்னுடையது. அதை எடுத்து எறிந்துவிடாதீர்கள், ரிமோட் எடுக்கப் போகும் நேரமெல்லாம் ஒருக்கால் பாருங்கள்.